இழுப்பறையில் நான்கு விண்ணப்பங்கள்

அந்த மருத்துவமனையில் இருநூற்றுப் பதினான்கு கணினிகள் இருந்தன. கணினிப் பிரிவுப் பொறுப்பாளர் கைபடாமல் அவற்றில் ஒரு மென்பொருள்கூட ஏற முடியாது. அதற்கான கடவுச்சொல் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அதை அடிக்கும்போது பக்கத்தில் நிற்பவரைச் சுவர்ப் பக்கம் திரும்பச் சொல்வார். அதனால் கண்காணிப்பாளர் முதல் கடைநிலை ஊழியர் வரை எல்லோருக்கும் அவர் ‘பூட்டு சார்’.

“பூட்டு சார் பொண்ணு பாத்துட்டு வந்து ‘பரிசீலனையில் உள்ளது’ன்னு எழுதினாராம். இன்னும் சரின்னு எழுதலையாம். அதுக்குள்ள ரெண்டு பிள்ளை” என்று மருந்தகத்தில் சொல்லிச் சிரிப்பார்கள். அவர் காதிலும் விழுந்திருக்கிறது. சிரித்ததுமில்லை, கோபித்ததுமில்லை.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் எழுத்தர் பொழுதுபோகச் சீட்டாட்டம் ஒன்றைத் தன் கணினியில் போட்டுக்கொண்டார். அதோடு வந்த வைரஸ் பதினொரு கணினிகளைப் படுக்க வைத்தது. மெமோ எழுத்தருக்கு வரவில்லை, பூட்டுக்கு வந்தது. இன்னொன்று வந்தால் வேலை இல்லை என்று அதிலேயே எழுதியிருந்தது. அன்று முதல் அவர் சூடு கண்ட பூனை.

மென்பொருள் கேட்பவர் ஒரு தாளில் எழுதித் தரவேண்டும். முடிவானவற்றை மட்டும் அவர் பெரிய நோட்டில் எண்ணிட்டுப் பதிவார். அனுமதியா மறுப்பா, தேதி, காரணம், கையெழுத்து என்று எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. முடிவாகாதவை மேசை இழுப்பறையில் கிடக்கும். மறுத்தால் காரணம் எழுத வேண்டும். அனுமதித்தால் பொறுப்பு ஏற்க வேண்டும். இழுப்பறையில் போட்டுவிட்டால் இரண்டும் தேவையில்லை.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினாறு ஆண்டுகளாக வேலை பார்த்த பெண்மணியை எல்லோரும் ‘லேப் அக்கா’ என்பார்கள். நாளொன்றுக்கு நூற்று நாற்பது ரத்தக் குழாய்களுக்குக் கையால் பெயர் எழுதி ஒட்டுவது அவர் வேலை. லேபிள் அச்சடிக்கும் இலவச மென்பொருள் ஒன்றைக் கேட்டு பிப்ரவரி 6, ஏப்ரல் 17, ஜூன் 3, ஆகஸ்ட் 21 என்று நான்கு முறை எழுதிக் கொடுத்தார்.

“என்னண்ணே ஆச்சு நம்ம தாளு?”

“பாத்துட்டுத்தாம்மா இருக்கேன்.”

“நீங்க பாத்து முடிக்கிறதுக்குள்ள எனக்குப் பேரன் பொறந்துடுவான் போல. பொண்ணு இப்பதான் எட்டாவது படிக்கிறா.”

செப்டம்பர் 2 அன்று இரண்டு குழாய்களுக்குப் பெயர் மாறிப்போயிற்று. மருத்துவருக்குச் சந்தேகம் தட்டியதால் ஒரு நோயாளி தப்பினார். லேப் அக்காவுக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் தன் கொழுந்தனிடம் சொல்லி, அதே மென்பொருளைப் பென்டிரைவில் வாங்கி வந்தார். அது நிறுவாமலே ஓடும் வகை. பூட்டின் கடவுச்சொல் அதற்கு வேண்டியிருக்கவில்லை.

மென்பொருளில் குற்றமில்லை. பென்டிரைவில் வேறொன்று இருந்தது. மூன்று நாள் பரிசோதனை முடிவுகள் முழுதும் அழிந்தன. இருநூற்றுப் பதினொரு பேரைத் திரும்ப அழைத்து ரத்தம் எடுத்தார்கள். ஒன்பது பேர் வரவேயில்லை. அவர்களில் இருவர் இறந்துபோனது பிறகு வீட்டாரிடமிருந்து தெரிந்தது.

விசாரணை செப்டம்பர் 19, காலை பத்தரை மணிக்குக் கண்காணிப்பாளர் அறையில் நடந்தது.

“நாலு தடவை எழுதிக் கேட்டேன் சார். அப்பவே கிடைச்சிருந்தா நான் ஏன் வெளிய போய் வாங்கப் போறேன்?”

“நகல் வச்சிருக்கீங்களா?”

“ஒவ்வொரு தடவையும் ஒரே தாளுதான் சார். அண்ணன்கிட்ட கொடுத்துட்டேன்.”

கண்காணிப்பாளர் பூட்டின் பக்கம் திரும்பினார். “உங்க நோட்டுல இருக்கா?”

நான்கு தாள்களும் இழுப்பறையில் தேதி வாரியாக ஊசி குத்திக் கிடந்தன. இருக்கிறது என்றால் ஏழு மாதம் ஏன் தூங்கினாய் என்று கேட்பார்கள். அதற்கு இரண்டாவது மெமோ ஒன்றுதான் பதில். அவருக்கு ஐம்பத்தேழு வயது.

“நோட்டுல இல்லைங்க” என்றார்.

அது உண்மைதான். கண்காணிப்பாளர் நோட்டைக் கேட்டு வாங்கி, பிப்ரவரி முதல் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார். இல்லை. விண்ணப்பிக்காமலேயே மென்பொருள் போட்டதாகவும், விசாரணையில் பொய் சொன்னதாகவும் எழுதி அன்று பிற்பகலே லேப் அக்காவை வேலையிலிருந்து நீக்கினார்கள். அந்த நீக்க உத்தரவைப் பார்த்துவிட்டு இன்னொரு மருத்துவமனை அவரை எடுக்காது என்பது எல்லோருக்கும் தெரியும்.

அவர் தன் சாப்பாட்டுப் பையோடு பூட்டின் அறை வாசலில் வந்து நின்றார்.

“தாளெல்லாம் எங்க இருக்குன்னு அவர் கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களாண்ணே?”

பூட்டு மேசைமேல் இருந்த பேனாக்களை வரிசைப்படுத்தினார்.

“கேக்கலையேம்மா.”

லேப் அக்கா பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

அக்டோபர் 1 அன்று அவர் இடத்துக்கு வந்த பெண், வந்த அன்றே ஒரு தாள் எழுதிக்கொண்டு வந்தாள். லேபிள் அச்சடிக்கும் அதே மென்பொருள். பூட்டு அதை முறையான இடத்திலிருந்து இறக்கி, சோதித்து, ஏற்றிக் கொடுத்தார். எல்லாமாகப் பதினொரு நிமிடம் பிடித்தது. நோட்டில் 1187 என்று எண்ணிட்டு, அனுமதி என்று எழுதி, காரணக் கட்டத்தில் ‘பணிக்கு இன்றியமையாதது’ என்று பதிந்தார்.

“உங்களைப் பத்தி என்னென்னவோ சொன்னாங்க சார். நீங்க உடனே போட்டுக் கொடுத்துட்டீங்களே” என்றாள் அந்தப் பெண்.

“கையெழுத்துப் போடும்மா” என்று நோட்டை அவள் பக்கம் நகர்த்தினார் பூட்டு.