பச்சை டின்னில் ஊர் திரும்பியவர்

என் வீட்டுக்காரர் 1980-ஆம் வருஷம் மார்ச் மாசம் தவறிப்போனார். அதே வருஷம் நவம்பர் ரெண்டாம் தேதி, கல்லறைத் திருநாள் பூசைக்கு, நான் அவர் ஊருக்குப் போய் வந்தேன். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் சின்ன ஊர். நான் பிறந்து வளர்ந்தது எல்லாம் மலேசியாவில், சிலாங்கூரில் ரப்பர் தோட்டத்தில். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரைக்கும் படித்தேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கேயிருந்து ஊருக்குப் போக நினைக்கிறவர்கள், எப்படிப் போனாய், எவ்வளவு ஆச்சு என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அவர் பத்தொன்பது வயசில் கப்பலேறி வந்தவர். மகள் கல்யாணம், மகன் படிப்பு என்று தள்ளிப் போட்டுப் போட்டு, ஒரு தடவைகூடத் திரும்பிப் போகவில்லை. அவர் இறந்ததும் அவருடைய அக்காவுக்குத் தந்தி கொடுத்தோம். பெயர் சூசையம்மா, எனக்கு அண்ணி. எழுதத் தெரியாது. யாரையோ விட்டு பதில் போட்டிருந்தார். "என் தம்பி குழியில நான் மூணு பிடி மண்ணு போடலையே. அது ஒண்ணுதான் நெஞ்சுல நிக்குது."

எங்கள் ஆட்களில் பெட்டியைக் குழிக்குள் இறக்கினதும் ஆளுக்கு மூணு பிடி மண் போடுவோம். கூடப் பிறந்தவர் போடாவிட்டால் அடக்கம் முடியவில்லை என்பது அண்ணியின் கணக்கு. அண்ணியை இங்கே வரவைக்க முடியாது, மண்ணையாவது கொண்டு போவோம் என்று முடிவு செய்தேன். வீட்டுக்காரர் குழி மேலிருந்து மண்ணை அள்ளி, பாலில் கலக்கிக் குடிக்கிற சாக்லேட் பவுடர் வருமே, அந்தப் பச்சை டின்னில் போட்டு மூடினேன். கல்லறைத் திருநாள் அன்றைக்கு மாமியார் கல்லறையில் அண்ணி அந்த மண்ணைப் போட வேண்டும், பங்குச் சாமியார் செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்து மந்திரிக்க வேண்டும். நான் போனது இதுக்குத்தான், சுற்றிப் பார்க்கப் போகவில்லை.

கோலாலம்பூரிலிருந்து மெட்ராஸுக்கு விமானம், போக வர எண்ணூற்று ஐம்பது மலேசிய வெள்ளி. நாலு மணி நேரம். வெள்ளிக்கிழமை மதியம் இறங்கினேன். பெட்டியில் அஞ்சு பச்சை டின் இருந்தது. பவுடர் இருந்த நாலு சொந்தக்காரர்களுக்கு, ஒன்று அவர். சோதனை செய்கிற அதிகாரி அந்த ஒன்றைத்தான் சரியாக எடுத்துத் திறந்தார்.

"என்னம்மா இது?"

"மண்ணு சார்."

"மலேயாவுலேர்ந்து தங்கம் கொண்டு வருவாங்க, டேப் ரிக்கார்டர் கொண்டு வருவாங்க. மண்ணையா கொண்டு வருவாங்க? இங்க மண்ணு இல்லையா?"

"என் வீட்டுக்காரர் குழி மேல எடுத்தது சார். அவரு அக்கா போடணும்."

பென்சிலை விட்டு ஒரு தடவை கிளறிப் பார்த்தார். பிறகு அவரே மூடியை அழுத்தி மூடி, பிளாஸ்டர் ஒட்டிக் கொடுத்தார். பென்சிலைத் துடைக்காமலே பையில் வைத்துக்கொண்டார். எனக்கு அது பெரிய மரியாதையாகத் தெரிந்தது.

எழும்பூர் ஸ்டேஷனுக்கு டாக்சி. நாற்பது கேட்டார், முப்பது ரூபாய்க்கு வந்தார். பெண்கள் தங்குகிற அறையில் படுத்து, சனிக்கிழமை காலை எட்டரை மணி வண்டியைப் பிடித்தேன். அரியலூர் இருநூற்று அறுபது கிலோமீட்டர் சொச்சம், ரெண்டாம் வகுப்பு டிக்கெட் இருபத்தாறு ரூபாய். ரெண்டரை மணிக்கு இறங்கினேன். அண்ணி மகன் அந்தோணி ஸ்டேஷனுக்கு வந்திருந்தான். எறையூர் சர்க்கரை ஆலையில் வேலை, இஸ்திரி போட்ட சட்டை, கையில் கடிகாரம். அவன் தாத்தா கூலிக்குக் களை எடுத்தவர். பார்த்ததும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

அங்கேயிருந்து பெரம்பலூர் பஸ். பதினாலு கிலோமீட்டர், தொண்ணூறு பைசா. ரோட்டிலிருந்து ஊருக்கு ரெண்டு கிலோமீட்டர் நடை. ஐப்பசி மழையில் கரிசல் மண் காலைப் பிடித்து இழுக்கிறது. நாலு எட்டு வைத்தால் செருப்பு நாலு கிலோ ஆகிவிடும். "கழட்டிக் கையில புடிச்சிக்குங்க அத்தை, இல்லேன்னா செருப்பு நம்மளப் போட்டுக்கிட்டு நடக்கும்" என்று அந்தோணி சிரித்தான்.

வீட்டில் அண்ணி என்னைப் பிடித்துக்கொண்டு அழுதார், நானும் அழுதேன். டின்னைப் பற்றி நான் அப்போது சொல்லவில்லை. காலையில் கல்லறையில் வைத்துக் கையில் கொடுப்போம் என்று நினைத்தேன். அது என் தப்பு. பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். குளித்துச் சாப்பிட்டு, அலுப்பில் ஏழு மணிக்கே படுத்துவிட்டேன்.

காலை அஞ்சு மணிக்கு எழுந்து பெட்டியைப் பார்த்தால் டின் ஒன்றுகூட இல்லை. அந்தோணி பெண்டாட்டி ரோசு வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"மலேயா அத்தை வந்துட்டாங்களான்னு சனம் வந்துக்கிட்டே இருந்துச்சு. அதான் நேத்தே எல்லாருக்கும் குடுத்துட்டேன் அத்தை. பிளாஸ்டர் ஒட்டுன டின்னு ஒண்ணு இருந்துச்சு பாருங்க, அதுதான் உசத்தின்னு சாமியாருக்குக் குடுத்தனுப்பிச்சேன்."

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்தால் முதல் பொருள் கோயிலுக்கு என்பது அந்த வீட்டுப் பழக்கம். நல்லதைத்தான் அவள் செய்திருந்தாள். ஈரச் சேற்றில் விழுந்தடித்து ஓடினேன். என்ன ஏது என்று தெரியாமல் அண்ணியும் பின்னாலேயே ஓடி வந்தார்.

சாமியார் பங்களாவில் சமையல் செய்கிற குசினிக்காரர் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். அறுபது வயசு இருக்கும்.

"அந்த டின்னா? தொறந்தேம்மா. செவப்பா மண்ணாட்டம் இருந்துச்சு. யாராச்சும் டின்னுல அடைச்சு மண்ணு அனுப்புவாங்களா? ரப்பர் மரத்துக்குப் போடுற உரம்னு நெனச்சேன். கோயில் வாசல்ல ஒரு செம்பருத்தி மூணு வருசமா பூக்காம நிக்குது. அதுக்குப் போட்டு, கொத்தி வுட்டு, தண்ணியும் ஊத்திட்டேன்."

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அது என்ன மண் என்று அங்கே வைத்துத்தான் அண்ணிக்குச் சொன்னேன். அண்ணி குசினிக்காரரைப் பார்த்துச் சொன்னார். "முப்பது வருசம் ரப்பர் மரத்தைக் கீறிக் கீறிப் பொழச்சான். கடைசியில அவனையே உரமாக்கிப்புட்டியே அண்ணே."

அந்த மனுஷர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். பாவம், அவர் மேல் என்ன குற்றம்?

சத்தம் கேட்டுச் சாமியார் வெளியே வந்தார். முப்பது வயசுப் பிள்ளை. "தோத்திரம் சாமி" என்று வணக்கம் சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு எங்களோடு செடிக்கு நடந்தார். கறுப்பு மண்ணுக்கு நடுவில் எங்கள் தோட்டத்துச் செம்மண் செங்கல் பொடி மாதிரி தெரிந்தது. இரண்டு கையாலும் வழித்துப் பார்த்தேன். கரிசலும் செம்மண்ணும் ஒட்டிக்கொண்டு வந்தது, பிரிக்க முடியவில்லை.

"விடுங்கம்மா. இனிமே பிரிக்க முடியாது. உள்ள வாங்க, பூசை முடிஞ்சதும் மந்திரிப்பை இங்கேர்ந்தே ஆரம்பிக்கிறேன்" என்றார்.

பூசை ஆறரையிலிருந்து எட்டு வரை. நம் தோட்டத்துக் கோயிலில் பெஞ்சு உண்டு, அங்கே எல்லோரும் தரையில்தான். ஈரப் பாவாடையும் சாம்பிராணியும் கலந்து ஒரு வாசனை. என் மாமனார் காலத்தில் கூலிக்காரச் சனம் கோயில் வாசப்படிக்கு வெளியே நின்றுதான் பூசை பார்க்குமாம், மழை பெய்தாலும் அங்கேதானாம். என் வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அந்தோணி பீடத்துக்குப் பக்கத்தில் நின்று வேத வாசகம் படித்தான். திக்காமல், அவசரப்படாமல் படித்தான். என் கையில் ஒட்டியிருந்த மண் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. அழுகையோடு அழுகையாக எனக்குப் பெருமையும் வந்தது.

பூசை முடிந்து மெழுகுவத்தியோடு எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்பினார்கள். அது கிழக்கே அரை பர்லாங் தூரம். சாமியார் வாசலிலேயே நின்றுவிட்டார். அந்தச் செடிக்குப் பக்கத்தில் பழைய காலத்துச் சாமியார்கள் ரெண்டு பேர் கல்லறை இருக்கிறது. ஊர் ஆள் ஒருத்தருக்கும் அங்கே இடம் கொடுத்ததில்லை, வயல் வைத்திருக்கிற பெரிய வீட்டுக்காரர்களுக்கும் கிடையாது. விஷயத்தைச் சாமியார் எல்லோருக்கும் சொன்னார். பெரிய வீட்டு ஆள் ஒருத்தர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

"செடிக்கெல்லாம் மந்திரிச்சீங்கன்னா, நாளைக்கு நாங்க எங்க வயலுக்கும் கேப்போம் சாமி."

சாமியார் வாயைத் திறக்கும் முன்னாலேயே அண்ணி திரும்பினார். "ஒங்க வயலுக்குத் தீர்த்தம் வேணாங்க. பத்தொம்போது வயசு வரைக்கும் என் தம்பி வுட்ட வேர்வையே போதும்."

யாரோ ஒரு பெண் சிரித்துவிட்டாள். சாமியார் செபப் புத்தகத்தைத் திறந்தார்.

"பேரு சொல்லுங்கம்மா" என்றார் சாமியார். நான் அண்ணி பக்கம் கை காட்டினேன். அண்ணிதான் சொன்னார். சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி, ஊருக்கே கேட்கிற மாதிரி, "சவரிமுத்து!" என்றார். சாமியார் தீர்த்தம் தெளித்தார். அண்ணி குனிந்து செடியடியில் மூணு பிடி மண் எடுத்துப் போட்டார். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "போதும். இப்பதான் அடக்கம் பண்ணியிருக்கு" என்றார். அவருக்குப் பின்னால் ரோசு, அந்தோணி, குசினிக்காரர் எல்லோரும் போட்டார்கள். மாமியார் கல்லறைக்கு மெழுகுவத்தி மட்டும் கொண்டு போனோம்.

ஒன்பது நாள் இருந்துவிட்டுத் திரும்பினேன். துக்கம் குறைந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தோட்டத்தில் அவர் குழிக்குப் போகும்போது இப்போது தலை குனிந்து போவதில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயம். ஐப்பசி கார்த்திகையில் போனால் தேய்ந்த ரப்பர் செருப்பே போதும், நல்ல செருப்பு வீணாகும். அரியலூரில் இறங்கினதும் பஸ் ஸ்டாண்டில் சாப்பிட்டுக்கொள்ளுங்கள், உள்ளூரில் கிளப்புக் கடை இல்லை. பூசைக்குக் கால் மணி முன்னாலேயே போனால்தான் உள்ளே இடம் கிடைக்கும். இறந்தவர் பெயரை முதல் நாளே, கோயில் காரியம் பார்க்கிற உபதேசியாரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். முக்கியமான சாமான் எது என்று, எவ்வளவு அலுப்பாக இருந்தாலும், வீட்டுக்குள் நுழைந்த உடனே சொல்லிவிடுங்கள்.

போன மாசம் அந்தோணியிடமிருந்து லெட்டர் வந்தது. செடியைச் சுற்றிக் கல் பதித்திருக்கிறார்களாம், அதில் வாசலில் பாதி வழி அடைபட்டுப் போச்சாம். "பெரிய வூட்டு ஆளுங்களா இருந்தாலும் மாமாவைச் சுத்திக்கிட்டுத்தான் அத்தை உள்ள போகணும்" என்று எழுதியிருக்கிறான்.