நின்றுபோன லேப்டாப்பும் நான் மாற்றிக் கேட்ட வேண்டுதலும்

இதைச் சொல்ல எனக்கு இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அண்ணாமலையாரிடம் கேட்டுப் பெற்றவள் வாயை மூடிக்கொண்டிருக்கக் கூடாது என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

போன கார்த்திகையில், தீபத் திருவிழாவுக்குக் கொடியேறிய வாரம், என் லேப்டாப் திடீரென்று நின்றுபோனது. ஆன் செய்தால் உள்ளே டக் டக் என்று சத்தம். திரை கறுப்பாகவே இருந்தது. கீழ்பென்னாத்தூரில் நெல்லும் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் பயிரிடும் குடும்பம் எங்களுடையது. அதில் முனைவர் பட்டம் வரை படிக்க வந்தவள் நான் ஒருத்திதான். வேங்கிக்காலில் வாடகைக்கு வீடு எடுத்துத் தங்கி எழுதிய ஆய்வேடு முழுவதும் அந்த லேப்டாப்பில் இருந்தது.

இன்னொன்றும் இருந்தது. பக்கத்து வீட்டு வளர்மதி அக்காவின் கணவர் மாரடைப்பில் இறந்தபோது அவர்கள் மகள் யாழினி தவழ்ந்துகொண்டிருந்தாள். அவர் மகளைக் கொஞ்சிய வீடியோக்கள் அக்காவின் பழைய போனில் இருந்தன. போன் அடிக்கடி மக்கர் செய்ததால் அக்கா அவற்றை என் லேப்டாப்பில் ஏற்றி வைக்கச் சொன்னார். ஏற்றினேன். தனியாக இன்னொரு நகலும் எடுத்து வைப்பதாக வாக்குக் கொடுத்தேன். எடுக்கவில்லை. சோம்பல்தான், வேறு காரணம் இல்லை. பிறகு அந்தப் போனும் செத்துவிட்டது.

செங்கம் சாலையில் இருக்கும் பழுது பார்க்கும் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் ஹார்ட் டிஸ்கைக் கழற்றித் தன் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தார்.

"டிஸ்க் மாத்தித்தான் ஆகணுங்க. உள்ள இருக்கறத எடுத்துப் பாக்கலாம். ஆனா எப்ப நிக்கும்னு சொல்ல முடியாது. எது முக்கியமோ அத மொதல்ல சொல்லுங்க."

"தீசிஸ்," என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

அவர் தொடங்கியதும் டிஸ்க் நின்றுவிட்டது. சூடு ஆறட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார். வாசலில் நின்று அண்ணாமலையார் மலையைப் பார்த்தேன். என் படிப்பைக் காப்பாற்று, அக்காவுக்கு எதுவும் தெரியாமல் பார்த்துக்கொள். இப்படித்தான் வேண்டினேன்.

அந்த நேரம் போன் அடித்தது. வளர்மதி அக்கா. அப்பா எப்படிப் பேசுவார் என்று யாழினி கேட்டுக்கொண்டே இருக்கிறாளாம். சாயங்காலம் வீடியோவைப் போட்டுக் காட்ட முடியுமா என்றார்.

"பத்திரமா இருக்குதுக்கா," என்று பொய் சொன்னேன்.

போனை வைத்ததும் உடம்பெல்லாம் கூசியது. மலையை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டே கேட்டேன். "அண்ணாமலையாரே, என்னுது போனா போவட்டும். அந்தக் கொழந்தைக்கு அவ அப்பா குரலக் குடுத்துடுப்பா."

உள்ளே போய் வீடியோக்களை முதலில் எடுக்கச் சொன்னேன். டிஸ்க் ஓடியது. ஒவ்வொன்றாக ஏறின. எல்லாம் ஏறி முடிந்த பிறகு ஆய்வேட்டைத் தொட்டார். டக் டக். அதோடு சரி, அது மறுபடி ஓடவே இல்லை. நான் கடையிலேயே அழுதுவிட்டேன்.

புது டிஸ்க் மாட்டிய லேப்டாப்போடு நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். கடைக்காரரிடம் முதலில் எதைக் கேட்டேன் என்பதையும் மறைக்கவில்லை.

"அத நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்," என்றார் அக்கா. பிறகு, "போடு, பாக்கலாம்."

யாழினி திரைக்கு அருகே போய் உட்கார்ந்தாள். அவள் அப்பா, "அம்மாடி, இங்க பாரு," என்றதும், "என்னப்பா?" என்று பதில் சொன்னாள். அக்கா முகத்தை மூடிக்கொண்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் வழிகாட்டிக்கு மெயிலில் அனுப்பியிருந்த பழைய பகுதிகள் மட்டும் கிடைத்தன. மீதியை மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன். வருத்தமே இல்லை என்றால் அதுவும் பொய்யாகிவிடும். இப்போது வாரம் தவறாமல் நகல் எடுக்கிறேன். அடுத்தவர்கள் நம்பிக் கொடுத்ததை முதலில் எடுக்கிறேன்.

கூனிக்குறுகி நின்ற என்னை அண்ணாமலையார் தள்ளிவிடவில்லை. சாமி முன்னால் நிற்கவே வெட்கமாக இருக்கிறது என்று உங்களில் யாராவது ஒதுங்கியிருந்தால், அந்த வெட்கத்தோடேயே போய் நில்லுங்கள். தப்பாக வேண்டிவிட்டோமே என்று திரும்பி வந்துவிடாதீர்கள். மாற்றிக் கேளுங்கள். அவர் கேட்பார்.