பிளவுஸ் கடைக்கு நான் செய்த விளம்பரங்கள்

தையல் தொழிலில் அளவு பிசகினால் பிரித்துத் தைத்துவிடலாம். விளம்பரம் பிசகினால் பிரிக்க நூல்கூடக் கிடைக்காது. சின்னதாக ஒரு கடையை வைத்துக்கொண்டு, "ஆன்லைன்ல போடுங்க, கூட்டம் பிச்சுக்கும்" என்று ஊரே சொல்லக் கேட்டு நொந்திருப்பவர்களே, இது உங்களுக்குத்தான்.

மலேசியாவின் பிரிக்பீல்ட்சில் மாடிப்படி ஏறி வரவேண்டிய பிளவுஸ் கடை என்னுடையது. துணி வெட்டும் செல்வி அக்காவும் நானும்தான் ஆட்கள். தீபாவளிக்குள் ஆர்டர் கூடாவிட்டால் காலி செய்துவிடுவதாக இடத்துக்காரரிடம் சொல்லியிருந்தேன். கேரி தீவிலிருந்து தினமும் பஸ் மாறி வருகிற செல்வி அக்காவுக்கு ஐம்பத்தாறு வயதில் வேறு எங்கே தையல் வேலை கிடைக்கும்? அந்தப் பயத்தில்தான் கண்ட கண்ட விளம்பரத்திலும் கை வைத்தேன்.

முகநூல்

சின்னக் கடைகளுக்கு முகநூல் விளம்பரம் செய்து தருபவர் ஒருவர் செராசில் இருந்தார். "எந்த மாதிரி ஆளுங்களுக்குக் காட்டணும் அக்கா?" என்று கேட்டார். "தமிழ் ஆளுங்க, தையல்ல ஆசை உள்ளவங்க" என்றேன். மலேசியாவில் மட்டும் என்று சொல்லத் தோன்றவில்லை.

மறுநாள் செய்திகள் வந்து குவிந்தன. நானும் செல்வி அக்காவும் மாறி மாறிப் படித்தோம். ஓர் ஆர்டர்கூட இல்லை. தஞ்சாவூரிலிருந்து ஒருவர் எழுதியதையே மற்றவர்களும் எழுதியிருந்தார்கள்: "வணக்கம் மேடம், எனக்குப் பதினஞ்சு வருஷ டெய்லரிங் அனுபவம். வேலை பெர்மிட் எடுத்துக் குடுத்தா உடனே கிளம்பி வரேன்."

நேரலை

அடுத்து, போனை நிறுத்திவைத்து நேரலை. செல்வி அக்கா கூச்சப்பட்டார். ஆனால் கத்தரிக்கோல் கைக்கு வந்ததும் எல்லாம் மறந்துபோய், பின்கழுத்து இறக்கத்திலிருந்து கைச்சுற்று வரை ஒன்றுவிடாமல் விளக்கிவிட்டார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு வாரம் கழித்துக் கிள்ளானிலிருந்து பழைய வாடிக்கையாளர் ஒருத்தி பையோடு வந்தாள். நான் ஆசையாக டேப்பை எடுத்தேன். "அளவெல்லாம் வேணாம் அக்கா. லைவ்ல அவங்க சொன்ன மாதிரியே நானே தைச்சுட்டேன். ஹூக் மட்டும் வச்சுக் குடுங்க லா."

நட்சத்திரம்

இணையத்தில் நட்சத்திரம் போடச் சொல்லி எல்லாரையும் கெஞ்சினேன். முதலில் விழுந்ததே ஒற்றை நட்சத்திரம். போட்டவளைப் போனில் பிடித்து, பிளவுஸ் சரியில்லையா என்று கேட்டேன். "பிளவுஸ் அழகா இருக்கு ஆன்டி. உங்க கடை முன்னுக்குக் கார் வச்சு சமன் வாங்கி அபராதம் கட்டிட்டேன். அந்தக் கோவத்த வேற எங்க காட்டுறது?"

வாட்சப் வாழ்த்து

இதை எழுத இன்னமும் கை கூசுகிறது. தீபாவளிக்குப் புது பிளவுஸ் தைத்தாகிவிட்டதா என்று கேட்டு, விளக்குப் படம் போட்டு, போனில் இருந்த அத்தனை எண்களுக்கும் ஒரே தட்டில் அனுப்பினேன். அது போர்ட் கிள்ளான் பரிமளாவுக்கும் போய்விட்டது. அவளுடைய கல்யாண பிளவுசே நான் தைத்ததுதான். ஆறு மாதத்துக்கு முன்புதான் அவள் கணவர் தவறியிருந்தார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டிருந்தால் அவள் பெயரைப் பார்த்ததும் நிறுத்தியிருப்பேன்.

அவள் திட்டவில்லை. குரல்செய்தி அனுப்பினாள். கூனிக் குறுகிப்போய் அதைக் கேட்டேன். "அக்கா, நீங்களே வந்து என் கையப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தீங்க. இன்னும் வருஷம் திரும்பலயே, எங்க வீட்டுல ஏது தீபாவளி?"

கதவில் ஒட்டிய தாள்

அதன்பிறகு விளம்பரமே வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஆர்டரும் கூடவில்லை. இடத்துக்காரர் வேறொருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். செல்வி அக்கா கிள்ளானில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி ஒட்டும் வேலைக்கு ஒப்புக்கொண்டார். 'மாடியிலுள்ள பிளவுஸ் தையல் கடை இம்மாத இறுதியோடு மூடப்படும்' என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கீழ்க்கதவில் ஒட்டினேன்.

மறுநாள் காலை படிக்கட்டு முழுக்கச் சேலைப் பையோடு பெண்கள். செல்வி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே அளவெடுத்தார். எனக்கும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பக்கத்துக் கட்டடத்தில் வேலை செய்கிற ஒரு பெண் மூச்சு வாங்க மேலே வந்து கோபித்துக்கொண்டாள். "பத்து வருஷமா இந்த வழியாத்தான் போறேன் வரேன். மேல ஒரு டெய்லர் இருக்கீங்கன்னு சொல்லவே இல்லையே அக்கா!"

ஆக, சின்னக் கடைக்கு ஏற்ற விளம்பரம் ஒரு வெள்ளைத்தாளும் செலோடேப்பும்தான், கடையை விட்டுக்கொடுத்த பிறகுதான் அதை ஒட்ட முடியும் என்பது ஒன்றே குறை.