ஒரு சுருட்டும் ஒரு டசின் முட்டையும்

பியர்பொன்ட்ஸ் நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகுதான் பார்க்கிறேன், கோட்டுப் பையில் இருந்த க்யூபா சுருட்டின் மேலிலை நீளவாக்கில் கிழிந்து தொங்குகிறது. பஸ் நெரிசலில் நசுங்கியிருக்கிறது. என் மகளின் வருங்கால மாமனார் கந்தையாவை இன்றுதான் முதன்முதலாகப் பார்க்கப் போகிறேன். சுருட்டென்றால் அவருக்கு உயிர் என்று மகள் சொல்லியிருந்தாள்.

மூலையில் ஒரு டெப்பனேர், நம்மூர் மளிகைக்கடை மாதிரி. உள்ளே போய் செலோடேப் கேட்கிறேன். கல்லாவில் இருக்கும் யாழ்ப்பாணத்து அம்மா சுருட்டைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொள்கிறார்.

“பிளாஸ்டிக்கை ஒட்டிப் பத்தவைக்கிறதோ அண்ணை? முட்டை வெள்ளைக்கருவே போதும். என்ர மனிசன்ர சுருட்டை நான் அப்பிடித்தான் ஒட்டிக் குடுக்கிறனான்.”

“அப்போ ஒரு முட்டை குடுங்கம்மா.”

“ஒண்டு விக்கிறேல்லை. டசினாத்தான் எடுக்கவேணும்.”

எடுக்கிறேன். அவர் தேநீர்க் கோப்பையில் ஒன்றை உடைக்கிறார். காது குடையும் பஞ்சுக்குச்சியால் வெள்ளைக்கருவைத் தொட்டுக் கிழிசலில் பூசி, இலையை விரலால் நீவி நீவி ஒட்டுகிறார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கிழிந்த இடமே தெரியவில்லை.

“ஆருக்கு அண்ணை இது?”

சொல்கிறேன்.

“கந்தையா அண்ணைக்கோ? ஐயோ! போன மாசம் அவருக்கு நெஞ்சு நோ வந்தது. வீட்டில இருந்த சுருட்டு முழுக்க மனிசி குப்பையில போட்டிட்டா. இதைக் கொண்டு போனியளெண்டா கலியாணம் நடவாது.”

சுருட்டு கடைக்கார அம்மாவின் கணவருக்குப் போகிறது. சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாதே. பதினொரு முட்டைகளை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு, அழைப்புமணியை முழங்கையால் அழுத்துகிறேன்.