தீ தீண்டாதவளின் கடைசிப் பாரம்

கதையில் வரும் பெண்களைக் கொளுத்துவதென்றால் சிலருக்கு அப்படி என்ன கொண்டாட்டமோ தெரியவில்லை. ராஜா காலத்துக் கதை, கொஞ்சம் மந்திரம், கொஞ்சம் காதல் என்று ஆரம்பிப்பார்கள். கடைசி அத்தியாயத்தில் நாயகி தீயில் இறங்கியாக வேண்டும். ராஜகுமாரன் மட்டும் பத்திரமாக வெளியே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டாம் பாகத்துக்கு வேறொருத்தியைத் தேடிப் போவான். திருத்தங்கலில் நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் இந்த மாதிரிப் புத்தகங்களை மடித்து மடித்தே என் விரல் தேய்ந்துபோனது. மூக்கம்மாள் அக்கா எழுதிய கதையில் மட்டும் நாயகி எரிய மாட்டாள். அதற்காகவேதான் அவள் அந்தக் கதையை எழுதினாள்.

அக்காவுக்கு நாரணாபுரம். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுப் பட்டாசு வேலைக்குப் போனவள். தங்கை எழிலையும் அவள்தான் சேர்த்துவிட்டாள். எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் இருவருக்கும் ஒரே அறையில் வேலை. அக்கா காய்ச்சல் கண்டு வீட்டில் படுத்திருந்த ஒரு நாளில் அந்த அறை வெடித்தது. எழிலைத் துணியில் பொதிந்துதான் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அக்கா வெடிமருந்து வாசனை இருக்கும் பக்கமே போகவில்லை. எங்கள் அச்சகத்துக்கு வந்து பைண்டிங் மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

மிஷினிலிருந்து வரும் பெரிய தாளை மடித்தால் பதினாறு பக்கம் வரும். அதைப் பாரம் என்போம். பாரங்களை வரிசையாக அடுக்கி, முதுகில் பசை தடவி, அட்டை ஒட்டினால் புத்தகம். மடிக்காத தாளில் முதல் பக்கத்தை ஒட்டிப் பதினாறாம் பக்கம் இருக்கும், பாதிப் பக்கங்கள் தலைகீழாக நிற்கும். அதனால் நாங்கள் எந்தக் கதையையும் ஒழுங்காக முன்னாலிருந்து படித்ததே இல்லை. சாவைப் படித்துவிட்டுத்தான் காதலுக்கு வருவோம். அப்படிப் படித்துப் படித்தே அக்காவுக்கு எரிச்சல் ஏறியது.

"ஏ செல்லத்தாயி, இங்கன பாரு. இவளும் செத்துட்டா" என்று ஒரு நாள் தாளை என் முன்னால் வீசினாள். "புலியாகுற மந்திரம் தெரியும், மேகத்துல நடக்கத் தெரியும். நெருப்ப அமத்த மட்டும் ஒரு மந்திரம் தெரியாதாக்கும்? நான் எழுதுறேன் பாரு ஒரு கதை."

எழுதினாள். எழுதினாள் என்றால் பேனாவால் இல்லை. மினிபஸ்ஸில் வரும்போது போனில் பேசுவாள், அது எழுத்தாக மாற்றிக்கொள்ளும். "இளவரசே, என் கையை விடுங்கள்" என்று அவள் அதட்டியதில் ஒரு தடவை கண்டக்டரே திரும்பிப் பார்த்தாராம். வீட்டிலும் அதே கூத்துதான். லோடு ஏற்றும் வேலை பார்க்கும் அவள் புருஷன் சங்கிலிமுத்து, யார் இந்த இளவழுதி என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். பிறகு அவரே, இளவழுதி நாயகியை எப்போது பெண் கேட்பான் என்று நச்சரிக்க ஆரம்பித்தார்.

கதை இதுதான். பாண்டிய நாட்டு அரண்மனையில் தீக்கூடம் என்று ஒரு கட்டடம். போருக்கு வேண்டிய நெருப்பு அம்புகளைப் பெண்கள் அங்கே செய்கிறார்கள். அவர்களில் ஒருத்தி செந்தழலி. அவள் பேச்சை நெருப்பு கேட்கும். உட்கார் என்றால் உட்காரும். இளவரசன் இளவழுதிக்கு அவள்மேல் காதல். பொறாமை பிடித்த மந்திரி ஒருநாள் தீக்கூடத்தைப் பூட்டிவிட்டு நெருப்பு வைக்கிறான். செந்தழலி நெருப்பை மண்டி போடச் சொல்கிறாள். அது மண்டி போடுகிறது. உள்ளே இருந்த எல்லாப் பெண்களும் அதைத் தாண்டி வெளியே வருகிறார்கள். வெளியே வந்த பிறகுதான் அவள் இளவழுதிக்குச் சம்மதம் சொல்கிறாள், அதுவும் தீக்கூடத்தை இடித்துத் தள்ளினால்தான் கல்யாணம் என்று. கதைக்கு 'தீ தீண்டாதவள்' என்று பேர் வைத்தாள்.

மதுரையில் பதிப்பகம் வைத்திருக்கும் சபரிநாதன் எங்கள் அச்சகத்தில்தான் புத்தகம் அடிப்பார். அவரிடம் எங்கள் முதலாளி கனகசபாபதி அண்ணாச்சி, "நம்ம மூக்கம்மாவும் கதை எழுதுது சார்" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். சபரிநாதன் வாங்கிப் படித்தார். போடலாம் என்றார். அக்கா அன்றைக்கு எங்கள் எல்லாருக்கும் சேவும் காப்பியும் வாங்கிக் கொடுத்தாள். தன் கதையைத் தன் கையாலேயே மடிக்கப் போகிறாள், பின்னே சந்தோஷம் இருக்காதா?

தீபாவளி சீசன் சூடு பிடித்திருந்த நேரம். பட்டாசுப் பெட்டி லேபிள்களுக்கு நடுவே அக்காவின் பாரங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. கடைசிப் பாரம் வந்ததும் அக்கா தாளை விரித்தாள். விரித்த கை அப்படியே நின்றது. நான் எட்டிப் பார்த்தேன். கடைசிப் பக்கம்தான் முதலில் கண்ணில் பட்டது. புன்னகையோடு செந்தழலி தீயைத் தழுவிக்கொண்டாளாம். மலர்போல் உதிர்ந்தாளாம். வானில் ஒரு தாரகையானாளாம்.

அக்கா நேரே முதலாளி அறைக்குப் போனாள். பின்னாலேயே நாங்களும் போனோம். அண்ணாச்சி போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"கடைசி அத்தியாயத்த யாரு சார் மாத்துனது?" என்றாள் அக்கா.

"நான்தாம்மா. கொஞ்சம் மெருகேத்துனேன். நல்லா வந்திருக்குல்ல?" என்றார் சபரிநாதன்.

"செந்தழலி சாக மாட்டா சார். கதைக்குப் பேரே அதான."

"பேரையும் மாத்திட்டேன்மா. 'தழலில் கரைந்த தாரகை'. அட்டை இன்னும் வரலையா? இங்க பாருங்க, பொழைச்சு வந்தா அது வெறும் கதை. செத்தாத்தான் காவியம். படிக்கிறவன் அழணும். நெருப்புக்குள்ள புன்னகையோட நிக்கிறா பாருங்க, என்ன அழகு!"

"நெருப்புல வெந்தவுகள நீங்க பாத்திருக்கீகளா சார்?"

அக்கா போனுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"நான் பாத்திருக்கேன். புன்னகையெல்லாம் இருக்காது சார். ஒதடு இருந்தாத்தான புன்னகை?"

"அது வேறம்மா. இது கற்பனை."

"கற்பனைதான சார்? அப்ப பொழைக்க வச்சா ஒங்களுக்கு என்ன நட்டம்?"

அடித்தாயிற்று, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று போனை வைத்துவிட்டார். அண்ணாச்சி சமாதானம் செய்யப் பார்த்தார். "விடு மூக்கம்மா, கதைதான? ஒம்பேரு போட்டிருக்காகல்ல? போய் வேலையப் பாரு, லேபிள் லோடு அங்கன நிக்குது." எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த லேபிள் கட்டைத் தூக்கி அவர் மேசையிலேயே போட்டிருப்பேன். அதில் கிரீடம் வைத்த ஒரு ராணி, தலையைச் சுற்றித் தீப்பொறி பறக்கப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

மேசைக்குத் திரும்பிய அக்கா கடைசிப் பாரத்தைத் தொடவில்லை. மற்ற பாரங்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு பாரத்தின் முதுகிலும் ஒரு கறுப்புக் கோடு இருக்கும். அடுக்கினால் அந்தக் கோடுகள் படிக்கட்டு மாதிரி வரிசையாக இறங்கும். நடுவில் ஒரு பாரம் விட்டுப்போனால் ஒரு படி காணாமல் போய் உடனே தெரிந்துவிடும். கடைசிப் பாரம் இல்லாவிட்டால் படிக்கட்டு ஒரு படி முன்னாலேயே நின்றுவிடும், அவ்வளவுதான். இன்னும் ஒன்று இருந்ததென்று யாருக்கும் தெரியாது. எங்களோடு மடிக்கும் மாரித்தாய் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். நாங்களும் அப்படியே அடுக்கினோம். கடைசிப் பாரத்தை மொத்தமாக வெட்டி, லேபிள் கழிவோடு சாக்கில் கட்டி, கழிவுத்தாள் லாரியில் ஏற்றிவிட்டோம். அண்ணாச்சிக்கு லேபிளைத் தவிர எதுவும் கண்ணில் படாத நேரம் அது.

புத்தகம் கடைகளுக்குப் போனது. தீக்கூடம் பற்றி எரிகிறது, பெண்கள் கதவைத் தட்டுகிறார்கள், 'செந்தழலி தீயை நோக்கி வாய் திறந்தாள்' என்பதோடு நின்றுவிடும். விஷயம் தெரிந்து சபரிநாதன் குதித்தார். அண்ணாச்சி எங்களைக் கூப்பிட்டு விசாரிப்பதற்குள், "நான்தான் செஞ்சேன், இதுகளுக்கு ஒண்ணும் தெரியாது" என்று அக்கா சொல்லிவிட்டாள். சீசன் முடியும் வரை வேலை வாங்கிக்கொண்டு, முடிந்ததும் இனி வர வேண்டாம் என்றார் அண்ணாச்சி. இத்தனை வருஷம் மாடாக உழைத்தவளுக்கு வாசல் வரை வந்து ஒரு வார்த்தை சொல்லக்கூட அவருக்கு மனம் வரவில்லை.

எழுதியவர் போன் நம்பரை முன்பக்கத்தில் போடுவது சபரிநாதனின் வழக்கம். வசவு வந்தால் அவர்கள் தலையிலேயே விழட்டும் என்று. அதனால் எல்லாரும் அக்காவைத்தான் கூப்பிட்டார்கள். பக்கம் குறைகிறது என்று சண்டை பிடித்தவர்களிடம் அக்கா முடிவைச் சொன்னாள். திட்டிவிட்டு வைத்தவர்களும் உண்டு, கேட்டுவிட்டு வைத்தவர்களும் உண்டு.

தீபாவளி கழிந்து பட்டாசுக் கம்பெனிகள் மறுபடி திறந்திருந்த சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை நாரணாபுரத்துக்கு அக்காவைப் பார்க்கப் போனேன். பேசிக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டாள். ஒரு பெண் குரல், பின்னால் இன்னும் சில பெண்களின் சத்தம்.

"யக்கா, நாங்க பட்டாசு வேலைக்குப் போறவுக. வேன்ல போறப்ப ஒருத்தி படிப்பா, நாங்க கேப்போம். கடைசிப் பக்கத்தக் காணோம்க்கா. அந்தப் புள்ள உள்ளயே நிக்கிறா. வெளிய வந்தாளா இல்லையா? சொல்லிருங்கக்கா, விடிஞ்சா வேலைக்குப் போகணும்."

"வந்துட்டா" என்றாள் அக்கா.

"கூட இருந்தவுக?"

"எல்லாரும் வந்துட்டாக. ஒருத்தி விடாம வந்துட்டாக."

"ஏ புள்ள, வந்துட்டாகளாம்!" என்று அந்தப் பக்கம் ஒரே கூச்சல். போன் நின்றது.

அக்கா எழுந்து கதவை ஓங்கி உதைத்தாள். "கதைல வந்து என்னடி பிரயோசனம்? எழிலு, கதைல வந்து என்னடி பிரயோசனம்?" என்று தெருவே கேட்கக் கத்தினாள். நான் போய்ப் பிடித்தேன். என் கையைத் தட்டிவிட்டாள். அதற்குள் போன் மறுபடி அடித்தது. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அதை எடுத்தாள்.

"வந்துட்டா, வந்துட்டா" என்றாள். "நீங்க யாரு பேசுறீக?"