பரிசோதனை அறையில் பச்சைப் பூண்டு

தெருமுனைக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவருக்கு ‘பவர்’ என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடலாம். கோபப்பட மாட்டார், பெருமைப்படுவார். இருபத்திரண்டு வருடமாக அவர் எழுதிக் கொடுத்த பவரில் செய்த கண்ணாடி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. யாரும் கேட்காமல் அவரே சொன்ன தகவல் இது.

அப்பேர்ப்பட்டவர் கண்ணாடிகள் திடீரென்று திரும்பி வர ஆரம்பித்தன. இரண்டே வாரத்தில், ஒன்பதில் எட்டு. எழுத்து ஆடுகிறது என்றார் ஒருவர். படிக்கட்டு பள்ளமாகத் தெரிகிறது என்றார் இன்னொருவர். முதலாளி ஆள் வைத்து மெஷினைச் சோதித்தார். மெஷின் நிரபராதி.

“சனிக்கிழமை வரைக்கும் பார்க்கிறேன்” என்றார் திங்கட்கிழமை காலையில். “சரியாகலைன்னா நீங்க பிரேம் கவுண்டருக்கு வந்துடுங்க. ரூமுக்கு வேற ஆள் போடுறேன்.”

பவருக்கு அந்த இருட்டறைதான் ராஜ்ஜியம். சும்மா விடுவாரா?

“எல்லாம் திரும்பி வந்துடலையே முதலாளி! ஒருத்தர் மட்டும் சந்தோஷமா போட்டுக்கிட்டுத் திரியறாரே, அது எப்படி?”

பிரேம் துடைத்துக்கொண்டிருந்த கவுண்டர்காரப் பெண் தலை நிமிராமலே சொன்னாள்: “அவருக்கு அன்னைக்கு ஜலதோஷம் சார்.”

“ஜலதோஷத்துக்கும் கண்ணுக்கும் என்னம்மா சம்பந்தம்?”

“மூக்கு அடைச்சிருந்துச்சு. மத்த எட்டு பேருக்கும் மூக்கு நல்லா வேலை செஞ்சுது. நீங்க முகத்துக்கிட்ட வந்து ‘இது தெளிவா, அது தெளிவா’ன்னு கேட்டா, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ‘இதுவே போதும் சார்’னு எந்திரிச்சு ஓடி வர்றாங்க. என் கவுண்டருக்கு வந்துதான் மூச்சே விடுறாங்க.”

“முன்னாடியே சொல்றதுக்கென்ன?”

“ஜன்னல் வைக்கலாமான்னு நாலு தடவை கேட்டேனே! இருட்டறைக்கு ஜன்னல் எதுக்குடின்னு திட்டுனீங்க.”

விஷயம் இதுதான். பவருக்குப் பிரஷர் கொஞ்சம் ஏறியிருந்தது. டாக்டர் மாத்திரை எழுதினார். மச்சான் பச்சைப் பூண்டு சொன்னார். நம் நாட்டில் மச்சானுக்குத்தான் மவுசு. அவர் சொன்னது இரண்டு பல். பவர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவரில்லை. வெறும் வயிற்றில் ஆறு பல் மென்றார். பிறகு மூன்று முறை பல் தேய்த்தார், கிராம்பு போட்டார். வாயில் மட்டும் இருந்தால் போயிருக்கும். அது ரத்தத்தில் கலந்து மூச்சில் வருகிற வாடை. அவ்வளவு நீளமான பிரஷ் இன்னும் வரவில்லை.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் கேட்டார். “நான் ஏன் ஹால்ல படுக்கிறேன்னு நெனச்சீங்க? காத்துக்கா? காத்துக்குத்தான்!” என்றாள் அந்த அம்மாள்.

மறுநாள் டாக்டரிடம் போனார்.

“நெஞ்செரிச்சல் இருக்கா?”

“இருக்கு டாக்டர். மருந்து வேலை செய்யுதுன்னு நெனச்சேன்.”

“வயித்தைப் புண்ணாக்குற வேலைதான் செய்யுது. பச்சையா நசுக்கினா வீரியம் அதிகம்தான். பிரஷர், கொழுப்பு கொஞ்சம் குறையலாம். கொஞ்சம்தான், மாத்திரைக்கு ஈடாகாது. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்களும், ஆபரேஷனுக்குப் போறவங்களும் இப்படி அள்ளிச் சாப்பிட்டா ரத்தம் லேசுல நிக்காது. நீங்க வேக வெச்சுச் சாப்பிடுங்க. வீரியம் குறையும், வயிறு பிழைக்கும். நசுக்கிப் பத்து நிமிஷம் விட்டு அடுப்புல போட்டா கொஞ்சமாவது தங்கும்.”

அன்றே பச்சைப் பூண்டு நின்றது. மாத்திரை ஆரம்பமானது. இரண்டு நாள் மூச்சு தெளிய விட்டு, வெள்ளிக்கிழமை எட்டுப் பேரையும் வரவழைத்தார். முதலில் வந்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டார். பவர் குனிந்தார். தலைமையாசிரியர் கொஞ்சமாக மூச்சை விட்டுப் பார்த்தார். மறுபடி இழுத்தார். முகம் மலர்ந்தது.

“இது தெளிவா, அது தெளிவா?”

“ரெண்டும் இல்லை. முதல்ல போட்டீங்களே, அதைப் போடுங்க. இல்ல, அதுக்கு முந்தினது.”

நாற்பது நிமிடம் சண்டை போட்டார் மனிதர். பவருக்குக் காதில் தேன் பாய்ந்தது.

எட்டுப் பேருக்கும் புது லென்ஸ் போட்டாயிற்று. சனிக்கிழமை மாலை முதலாளி வந்தார். எட்டுப் பேரில் ஒருவரும் குறை சொல்லவில்லை. பரிசோதனை அறையின் சாவியைக் கேட்காமலே போனார்.

இப்போது பவர் வருகிறவர்களிடமெல்லாம், பூண்டை நசுக்கிப் பத்து நிமிடம் வைத்து வேகவைக்க வேண்டும் என்கிறார், தானே கண்டுபிடித்த மாதிரி. கூடவே அந்தப் பழைய தகவலும் உண்டு: இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கண்ணாடிகூடத் திரும்பி வந்ததில்லை.

“அப்ப அந்த எட்டு?” என்று கவுண்டரிலிருந்து குரல் வரும்.

“அது மூக்குல கோளாறும்மா. நான் பார்க்கிறது கண்ணு.”