மூன்று கார்டும் ஒரு கொட்டாவியும்

அவளுக்கு வெந்நீர் வைக்கத் தெரியும். அதற்கு மேல் அடுப்பங்கரையில் அவளிடம் எதையும் எதிர்பார்க்கக் கூடாது. இருந்தாலும் குடியிருப்பு முழுவதும் அவளுக்குக் 'கிச்சன் அக்கா' என்றுதான் பெயர். இனிமேல் கட்டப்போகிற சமையலறைகளைக் கணினியில் வரைவது அவள் தொழில். அலமாரி எங்கே வரும், கதவு எந்தப் பக்கம் திறக்கும், காலை வெயில் எந்த மூலையில் விழும் என்பதையெல்லாம், உள்ளே நடந்து பார்ப்பது போலப் படமாக ஓட்டிக் காட்டுவாள். வீட்டில் சமைப்பது அவள் கணவன். ஓர் ஆஸ்பத்திரி கேண்டீனில் அவனுக்கு அதுவே உத்தியோகமும்கூட. "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்று அவளைச் சீண்டுவான். "அந்த ஏட்டுச் சுரைக்காய்தான் உங்களுக்கு ஸ்கூட்டர் வாங்கிக் குடுத்துச்சு, ஞாபகம் இருக்கட்டும்" என்பாள். இந்தச் சண்டை இரண்டு பேருக்குமே பிடிக்கும்.

குழந்தை பிறந்த நாளிலிருந்து ஆறு மாதமாகக் கணினி ஒரு பழைய போர்வைக்குள் கிடந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை அலமாரிக்காரர் போன் செய்தார். வீடுகளுக்கு மர அலமாரி செய்து மாட்டுகிறவர். அவளுக்கு வருகிற வேலையில் பாதிக்கு மேல் அவர் கொடுப்பதுதான்.

"பெரிய வீடும்மா. அந்த வீட்டம்மா படம் பாக்காம ஒரு ஆணி அடிக்க விடமாட்டேங்கறாங்க. சனிக்கிழமைக்குள்ள முடியுமா? முடியலைன்னா தயங்காம சொல்லிடுங்க. புதுசா ஒருத்தர் வந்திருக்கார், அவர்கிட்ட குடுத்துடறேன்."

"முடியும்" என்றாள், அவர் மூச்சு விடுவதற்கு முன்பே. புதியவரிடம் ஒரு தடவை போன வேலை திரும்பி வராது என்பது அவளுக்குத் தெரியும். அதைவிட, வரையாமல் கை நமநமவென்றிருந்தது. ஆறு மாதமாக இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் குழந்தையைக் குறை சொன்னது போல ஆகிவிடுமே என்ற பயம்.

போர்வையை எடுத்துக் கணினியைப் போட்டாள். திரையில் கோடு கோடாக ஏதோ வந்தது. பிறகு அந்தக் கோடும் போய்விட்டது. கிராபிக்ஸ் கார்டு செத்திருந்தது. படத்தைத் திரையில் ஓடவைக்கிற பாகமே அதுதான். அது இல்லாவிட்டால் அவள் கிச்சன் அக்கா இல்லை, வெறும் அக்கா.

புதிது வாங்கிப் போட்டால் தீர்ந்தது என்றால் கதையே இல்லை. கணினி மேசை போட அந்த வீட்டில் இடம் இருந்தது படுக்கையறையில் மட்டும். தொட்டிலுக்கும் அங்கேதான் இடம். குழந்தை மதியம் தூங்குகிற இரண்டரை மணி நேரம்தான் அவளுக்கு வேலை நேரம். அதுவோ ஊசி விழுந்தால் எழுந்துகொள்ளும் ரகம். கார்டு சத்தம் போட்டால் குழந்தை எழும். குழந்தை எழுந்தால் வேலை போகும்.

"ஒரு வருஷம் போகட்டுமே அண்ணி. வேலை எங்க ஓடிப்போகப் போகுது?" என்றாள் நாத்தனார். கணவனின் தங்கை, கூடவே இருக்கிறவள், நூலகத்தில் வேலை. நல்லவள்தான், ஆனால் இதில் அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஓடிப்போவதைத் தவிர வேலைக்கு வேறு என்ன வேலை? அண்ணி செருப்பைத் தேடுவதைப் பார்த்துவிட்டு, நாத்தனார் உள்ளே போய்க் கார்டுகளைப் பற்றி உலகத்தில் எழுதியிருக்கும் அத்தனையையும் படித்தாள். பக்கம் நாற்பது என்றால் கருத்தும் நாற்பது. இருந்தும் முடிவாக ஒன்று சொன்னாள்: "விலை கூடினதையே வாங்குங்க அண்ணி. சத்தமே வராதாம்."

புதன்கிழமை மதியம் மூன்று பேரும் கடைக்குப் போனார்கள்: அவள், நாத்தனார், அவள் மார்போடு சேர்த்துத் துணியில் கட்டிய குழந்தை. கடைக்காரரை எல்லோரும் ஸ்க்ரூ அண்ணன் என்பார்கள். வேலை செய்யும்போது வாயோரத்தில் நாலு ஸ்க்ரூவாவது இருக்கும்; அதோடேயே பேசுவார், சிரிப்பார், இதுவரை ஒன்றையும் விழுங்கியதில்லை. அவர் மூன்று பெட்டிகளை வரிசையாக வைத்தார்.

"மூணுக்கும் உள்ள இருக்கற சிப்பு ஒண்ணுதான். ஒரே குட்டையில ஊறின மட்டைங்க."

"அப்புறம் ஏன் ஒண்ணு குதிரை விலை, ஒண்ணு யானை விலை?"

"இது சாதா. ரெண்டு ஃபேன், மேக்கப் கிடையாது. நடுவுல இருக்கறதுல கலர் கலரா லைட்டு எரியும். இது இருக்கே" என்று மூன்றாவதைக் கைக்குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கினார், "மூணு ஃபேன். ஓடறதே தெரியாது. கோயில் மாதிரி அமைதியா இருக்கும்."

"பாத்தீங்களா?" என்றாள் நாத்தனார்.

அவள் பையிலிருந்து பென்டிரைவை எடுத்தாள். "என் கிச்சன் ஒண்ணு இதுல இருக்கு. மூணுலயும் ஓட்டிக் காட்டுங்கண்ணா. இவ தூங்கற நேரம் பாத்துதான் கூட்டிட்டு வந்தேன்."

"இவங்க எதுக்கு?"

"முடிவு சொல்லப்போறதே இவங்கதான்."

நாத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஸ்க்ரூ அண்ணனுக்கோ இந்த யோசனை ரொம்பவே பிடித்துப்போயிற்று. கடைக் கதவைச் சாத்தினார், ரேடியோவை நிறுத்தினார், மூடி இல்லாமல் திறந்து கிடக்கும் தன் சோதனைக் கணினியில் மூன்று ஃபேன் கார்டை மாட்டினார். சமையலறை திரையில் சுழன்றது. குழந்தை அவள் மார்பில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது.

"ஏதாவது கேக்குதா? சொல்லுங்க, ஏதாவது கேக்குதா?" என்று கிசுகிசுத்தார்.

குழந்தையின் மூக்கு சுருங்கியது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கண்ணைத் திறந்து, கடையே அதிர ஓவென்று அழுதது.

"பசி" என்றாள் நாத்தனார். அண்ணி பால் கொடுத்து, தட்டி, மறுபடி தூங்கவைத்தாள். மறுபடி சமையலறை சுழன்றது. மறுபடி ஓவென்ற அழுகை. இந்தத் தடவை அவள் கார்டுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனாள். ஃபேன் சத்தம் இல்லைதான். ஆனால் உள்ளேயிருந்து மெல்லிசாக, கொசு காதோரம் வந்தால் கேட்குமே, அப்படி ஒரு 'ஙீ' வந்துகொண்டிருந்தது.

"கொசு சத்தம் வருதுண்ணா."

நாத்தனாரும் குனிந்தாள். படித்த நாற்பது பக்கத்தில் கொசு எங்கும் வரவில்லை. ஆனாலும் காது பொய் சொல்லாதே. "ஆமா, வருது" என்றாள், கொஞ்சம் வருத்தத்தோடு. ஸ்க்ரூ அண்ணனும் காதை வைத்தார், இந்தக் காது, பிறகு அந்தக் காது. அவருக்கு வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. "எனக்கு ஒண்ணும் கேக்கலையேம்மா" என்றவர் விரலால் காதைக் குடைந்துபார்த்தார். பிறகு ஸ்க்ரூ தெறிக்கச் சிரித்தார். "அட, ஊரெல்லாம் அமைதி அமைதின்னு சொல்லித் தள்ளிட்டேனே! அமைதி என் காதுல இருந்திருக்கு!"

லைட் கார்டில் ஃபேன் சத்தம் இருந்தது, கொசு இல்லை. ஆனால் சிவப்பும் பச்சையும் நீலமுமாக அது மினுக்கியதைக் கண்டதும் குழந்தைக்குத் தூக்கம் போன இடம் தெரியவில்லை. கையை நீட்டி 'ஆ, ஆ' என்று கூப்பாடு போட்டது. லைட்டை அணைத்தவுடன் அழுதது.

கடைசியில் மலிவு கார்டு. போட்டதும் ஃபேன் இரண்டும் கூச்சமே இல்லாமல் 'உர்ர்' என்று கிளம்பின. நாத்தனார் காதைப் பொத்திக்கொண்டாள். "இதுவா? இது கல்லு அரைக்கற சத்தம்" என்றாள். குழந்தை கத்தப்போகிறது என்று மூவரும் அதன் முகத்தையே பார்த்தார்கள். அது கேட்டது. இமை கனத்தது. பிறகு உடம்பையே உலுக்கும் ஒரு கொட்டாவி விட்டு, அவள் தோளில் கன்னத்தை வைத்துத் தூங்கிப்போயிற்று. சமையலறை இருபது சுற்றுச் சுற்றியது. எழவில்லை. ஸ்க்ரூ அண்ணன் தவறிப்போய் ஸ்க்ரூ டப்பாவையே கீழே போட்டார். அப்போதும் எழவில்லை.

அவளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்பார்களே, அது இதுதான்.

வெள்ளிக்கிழமை மாலையே படம் போய்ச் சேர்ந்தது. வீட்டம்மா ஒரே ஒரு கைப்பிடியை மாற்றச் சொன்னாராம். அலமாரிக்காரர் அடுத்து மூன்று சமையலறை தந்தார். ஒரே ஒரு சங்கடம்தான். அந்தக் கார்டின் ஃபேன் வேலை இருந்தால்தான் ஓடும். படத்தைச் சுழற்றுவதை அவள் நிறுத்தினால் ஃபேனும் நிற்கும், தொட்டிலில் கால் உதைக்கும் சத்தம் கேட்கும்.

அடுத்த வாரம் ஒரு வீட்டை அளக்க அவள் வெளியே போயிருந்தாள். லீவு போட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொண்ட நாத்தனாரிடமிருந்து போன் வந்தது. பின்னால் ஓவென்ற சத்தம்.

"அண்ணி, பாட்டு பாடிட்டேன், தூக்கிட்டு நடந்துட்டேன், ஒண்ணும் நடக்கலை. அந்தக் கிச்சனை எப்படிச் சுத்த விடறது?"

எதை அழுத்த வேண்டும், எதை இழுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். வேலை முடிந்து வீடு திரும்பியபோது குழந்தை தொட்டிலில் ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. 'உர்ர்' என்று ஃபேன். மேசை முன்னால் நாத்தனார், ஒரு கை மவுஸில், மறு கை கன்னத்தில், யாருடைய சமையலறையையோ விடாமல் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். அண்ணியைப் பார்த்ததும் உயிர் வந்தது. உதட்டில் விரல் வைத்தபடி எழுந்து, நாற்காலியை அவள் பக்கம் தள்ளினாள்.

"உக்காருங்க அண்ணி. சாப்பாடு இங்கேயே கொண்டு வரேன். இந்த வேலை இன்னும் எவ்வளவு பாக்கி?"

"இது இன்னைக்கு முடிஞ்சுடும்."

"ஐயோ, முடிச்சுடாதீங்க!" என்றாள் நாத்தனார், பதறிப்போய்.